சும்மா கிடந்த ஒரு வாளி மண்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இந்தப் பத்திரிகையில் இந்த வாரம் வேறொன்றைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். ஒரு நீல நிறப் பெயின்ட் வாளி குறுக்கே வந்துவிட்டது.

கோடை மழை பெய்து ஒரு வாரம் கழிந்திருந்தது. காலை நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா கதவைத் தட்டினார். கேளம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். படூரில் எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் கேன்டீனில் மேற்பார்வையாளர். ஒரு கையில் அந்த வாளி. மறுகையில் கொசு மருந்து பாட்டில்.

"அங்கிள், இதப் பாருங்க. ஊரெல்லாம் குழிய மூடு, குழிய மூடுன்னு சண்ட போட்டுகினு கீறேன். என் வூட்டு மொட்டமாடி வாளியிலயே இன்னா நெளியுது பாருங்க. ஊத்திடட்டுமா?"

"எதைம்மா?"

"மருந்தத்தான்."

"கொஞ்சம் இரும்மா" என்றேன். வாளிக்குள் பார்த்தேன். அடியில் வண்டல், மேலே மழைநீர், நீருக்குள் ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா ஏன் இவ்வளவு பதறினார் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஸ்டெல்லாவின் மகள் ஷெரினுக்கு டெங்கு காய்ச்சல் கண்டது. நான்காம் வகுப்புப் படிக்கும் குழந்தை. இரத்தத்தில் பிளேட்லெட் குறைந்துகொண்டே போனது. மருத்துவமனை வராந்தாவில் சுவரில் தலையைச் சாய்த்தபடி நின்றிருந்த ஸ்டெல்லாவை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை பிழைத்து வீடு வந்தது. ஆனால் தாயின் அச்சம் மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகவில்லை.

அந்த அச்சம் சென்று நின்ற இடம், எங்கள் சுற்றுச்சுவருக்குப் பின்னால் உள்ள பாறை.

பெரிய பாறை அன்று. யானை ஒன்று படுத்திருப்பது போன்ற ஒரு கருங்கல் மேடு. வருவாய்த்துறைக் கணக்கில் அதற்குக் 'கல்லாங்குத்து' என்று பெயர். எதற்கும் உதவாத கல்நிலம் என்பது பொருள். அதன் முதுகில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு குழி. மழை பெய்தால் நீர் நிற்கும். வெயில் ஏறினால் வற்றிவிடும். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்த தூசியோடு கிடக்கும்.

அதைச் சிமென்ட் போட்டு மூடவேண்டும் என்று ஸ்டெல்லா அசோசியேஷனில் மனுக் கொடுத்தார். தாய் கேட்கிறார் — யார் மறுப்பார்கள்? வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் உயர்ந்தன. நானும் ஒரு கட்டைவிரல் உயர்த்தினேன்.

தாஸ் மேஸ்திரி வந்தார். குழிக்குள் இருந்த தூசியை எல்லாம் சுரண்டி எடுத்துப் பாறை ஓரத்தில் கொட்டினார். "சும்மா கெடக்குற மண்ணு. செடிக்குப் போட்டா ஜோரா வரும்" என்றார். ஸ்டெல்லா தம் ரோஜாச் செடிகளுக்காக அதில் ஒரு வாளி எடுத்துப் போய் மொட்டைமாடியில் வைத்தார். மறுநாள் சிமென்ட் போட ஏற்பாடு. ஆனால் தாஸுக்குக் கடப்பாக்கத்தில் மாமியார் வீட்டு விசேஷம். போனவர் திரும்பி வருவதற்குள் மழை வந்துவிட்டது.

மழை குழியிலும் பெய்தது. வாளியிலும் பெய்தது.

இனி வாளிக்கு வருகிறேன்.

அறையிலிருந்த லென்ஸை எடுத்து வந்தேன். மறைமலைநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், இரும்பில் கீறல் தேடுவதற்காக நான் வாங்கி வைத்திருந்தது. ஆயுள் முழுவதும் குறைகளையே பெரிதாக்கிக் காட்டிய கண்ணாடி. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சிறிது நீரை மொண்டு ஜன்னலோரம் வைத்து, அதன் வழியே நோக்கினேன்.

முதலில் தெரிந்தது ஒரு நிழல் மட்டுமே. நீரைவிடச் சற்றே அடர்ந்த ஒரு நீர் என்று சொல்லலாம். பிறகு இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை கண்கள், சிறு காம்புகளின் நுனியில் இருந்தன. பிறகு கால்கள். சீப்பின் பற்களைப்போல வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து, உடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓர் அலையை ஓட்டிக்கொண்டிருந்தன. அந்த உடலுக்குள் உணவு செல்லும் பாதைகூட ஒரு பச்சை நூலாகத் தெரிந்தது. அத்தனை தெளிவு... கண்ணாடியால் ஓர் உயிர் செய்து நீரில் விட்டது போல.

லென்ஸை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அங்கிள், இது இன்னா மல்லாக்கப் பட்துகினு போவுது?"

"மல்லாந்து நீந்துறதுதான் அதுக்கு வழக்கம். கொசுப்புழு இல்லம்மா இது. இறால் சாதி."

"எறாவா?" என்று நிமிர்ந்தார். "எறாவுக்கு கடலு அங்க கீது. இது மூணாவது மாடி."

"பாறைக் குழியிலே இருக்கிற இறால்."

"கேன்டீன்ல தெனம் எறா தொக்கு போடறவ நானு. எனக்கே எறா காட்றீங்களா?"

அதே கிண்ணத்தில் உண்மையான கொசுப்புழுவும் இரண்டு இருந்தன. நான் என் கையை நீட்டி நிழல் விழச் செய்தேன். நீரின் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிய அவ்விரண்டும் துள்ளித் துள்ளி அடிக்கு இறங்கின. சிறிது நேரத்தில் மூச்சுக்காக மறுபடியும் மேலே வந்து தொங்கின. இறால்கள் எங்கும் தொங்கவில்லை. ஓய்வின்றி வழுக்கிக்கொண்டே சென்றன. ஸ்டெல்லா தாமே கையை நீட்டி நிழல் விழச் செய்து பார்த்தார். மறுபடியும் செய்து பார்த்தார்.

"இது வேற, அது வேற" என்றார். பாட்டிலை மேசைமீது வைத்தார்.

ஐயா, அம்மா, இவ்வுயிர் எங்கிருந்து வந்தது? வாளிக்கு யாரும் கொண்டுவரவில்லை. காய்ந்த தூசி இருந்தது, மழை பெய்தது, உயிர் நீந்தியது. பழைய நூலகப் புத்தகம் ஒன்றில் இதைப்பற்றி நான் படித்திருந்தேன். படித்ததை நம்பியும் இருந்தேன். ஆனால் நம்புவது வேறு, கிண்ணத்தில் காண்பது வேறு.

அவை அந்தத் தூசியிலேயே இருந்தன — முட்டைகளாக. மணலைவிடச் சிறிய முட்டைகள். சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும் பாறையின்மீது, ஒரு துளி ஈரமில்லாமல், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வல்லவை. நாம் அந்தக் குழிக்கு அருகில் நின்று செல்போனில் பேசியிருக்கிறோம். குழந்தைகள் அதற்குள் பந்தைத் தேடியிருக்கிறார்கள். தாஸ் அதைச் சுரண்டியிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் ஒரு கூட்டம் உயிர்கள் மழையை எதிர்பார்த்துக் கிடந்திருக்கின்றன.

சும்மா கிடக்கிற மண் என்றோமே?

அன்று மாலை வண்டிகள் நிறுத்துமிடத்தில் அசோசியேஷன் கூட்டம். தலைவர் வரதராஜன் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருக்கழுக்குன்றத்துக்காரர். கடப்பாக்கத்திலிருந்து திரும்பியிருந்த தாஸும் வந்திருந்தார். நான் கிண்ணத்தைக் காட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிலருக்கு ஒன்றும் தெரியவில்லை. அது கண்ணாடிபோன்ற உயிரின் குற்றமே தவிர அவர்கள் கண்ணின் குற்றம் அன்று.

"அதிசயம்தான் சார்" என்றார் வரதராஜன். "ஆனா முடிவு முடிவுதானே. மேஸ்திரி, தண்ணி நிக்குதே, எப்படிப் போடுவீங்க?"

"எறச்சி வுட்டா போச்சி சார்" என்றார் தாஸ். "அது கல்லாங்குத்து. மழ வந்தா கொளம், வெயிலு வந்தா குப்ப. சும்மா கெடக்குற குழிக்கு எதுக்கு இத்தினி பேச்சு?"

அப்போது வரதராஜனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "சிமென்ட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். சுகாதாரத் துறையிலே கம்பூசியா மீன் தர்றாங்க. கொசுப்புழுவைத் தின்னுடும். நாலு மீன் விட்டுடலாம். சாருக்கும் திருப்தி, ஸ்டெல்லாவுக்கும் திருப்தி."

அனைவரும் தலையாட்டினர். நியாயமான யோசனைதான். நான் ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ள முடியாமல் எழுந்து நின்றேன்.

நான் சொன்னதை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தீவு என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? நாற்புறமும் நீர், நடுவில் நிலம். இந்தக் குழியும் ஒரு தீவுதான்; ஆனால் தலைகீழான தீவு. நாற்புறமும் வறண்ட நிலம், நடுவில் நீர். பெரிய தீவாக இருந்தால் பல வகை உயிர்கள் தங்கும். சிறியதாக இருந்தால் சில வகைகளே தாங்கும். மற்றத் தீவுகளுக்கு அருகில் இருந்தால் புதிய உயிர்கள் அடிக்கடி வந்து சேரும். தொலைவில் இருந்தால் அரிதாகவே வரும். இயற்கையை ஆராய்ந்தவர்கள் கடல் தீவுகளைப் பார்த்துக் கண்ட இந்தப் பாடம், எங்கள் சுற்றுச்சுவருக்குப் பின்னால் உள்ள ஒரு குழிக்கும் பொருந்துகிறது.

அந்தத் தீவுக்கு ஒரு காவல் உண்டு. எது தெரியுமா? வறட்சி. நீர் வற்றிவிடுவதால் அங்கே மீன் வாழ முடியாது. மீன் வாழ முடியாததால்தான் இந்த இறால் வாழ்கிறது. ஓடவோ ஒளியவோ கடிக்கவோ தெரியாத உயிர் அது. மீன் உள்ள இடத்தில் ஒரு நாள் தாங்காது. ஆகவே உலகத்தில் எந்த மீனும் தங்க முடியாத இடமாகப் பார்த்துக் குடியேறிவிட்டது. எதை நாம் அந்தக் குழியின் குறை என்கிறோமோ — வற்றிப்போவது — அதுவே அதற்குக் கோட்டைச் சுவர்.

"கம்பூசியா கொசுப்புழுவையும் தின்னும் சார். இதையும் தின்னும்" என்று முடித்தேன்.

என் பேச்சு எடுபட்டுவிட்டது என்றே எண்ணினேன். ஸ்டெல்லா எழுந்தார்.

"அங்கிள், நீங்க பெரியவரு. நீங்க சொன்னதெல்லாம் எனக்குப் புர்து. அது அழகாத்தான் கீது. ஆனா நாளைக்கி என் பொண்ணுக்கு மறுபடி காச்சலு வந்தா, இந்த எறா வந்து ஆஸ்பத்திரியில ஒக்காருமா?"

குழியில் கொசு வளரவே வளராது என்று என்னால் உறுதி சொல்ல முடியுமா? முடியாது. ஒரு குழந்தையின் உயிரை ஒரு தட்டிலும் ஓர் இறாலின் உயிரை மறு தட்டிலும் வைத்தால், நானும் ஸ்டெல்லாவின் பக்கம்தான் நிற்பேன்.

பிறகு அவரே பேசினார்.

"ஒன்னு செய்லாம். தெனம் காலையில நானே போயி குழியப் பாக்கறேன். கொசு ஆவறதுக்கு முன்னாடி, கூட்டுப்புழு, கமா மாதிரி சுருண்டுகினு இருக்குமே — அது ஒன்னு என் கண்ல பட்டாலும் அன்னிக்கே மருந்து ஊத்திடுவேன். அப்புறம் எறா செத்துச்சி, கிறா செத்துச்சின்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது."

"ஒப்புக்கிறேம்மா" என்றேன்.

"சார் ஒப்புக்கினாரு, எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் தாஸ். "நானு சிமென்ட்டு மூட்டய வண்டி ஷெட்டுல போட்டு வெக்கிறேன். எப்பிடியும் வேண்டி வரும்."

அடுத்த நாள் காலை முதல் நாங்கள் இருவரும் பாறைக்குப் போனோம். அவர் கையில் வெள்ளை பிளாஸ்டிக் மக்கு. என் கையில் லென்ஸ்.

குழியில் இறால்கள் இருந்தன. தாஸ் அத்தனை சுரண்டியும், கல்லின் வெடிப்புகளில் தங்கிய தூசி போதுமானதாக இருந்திருக்கிறது. கொசுப்புழுவும் இருந்தது. மறைப்பானேன்? ஓரமாக, நிழல் விழும் பகுதியில், தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் கை தோள்பையில் இருந்த பாட்டிலை நோக்கிப் போனது. பின்பு நின்றது.

"இது இன்னும் சின்னது. கமா ஆவல" என்றார். பையிலிருந்து வேறொன்றை எடுத்தார்.

டீ வடிகட்டி.

கேன்டீனில் பயன்படும் பெரிய கம்பி வடிகட்டி அது. நீரின் ஓரத்தில் அதை மெல்லச் செலுத்தி வாரினார். வலையில் சிக்கியவற்றை வெள்ளை மக்கில் கவிழ்த்தார். துள்ளுபவற்றை வடித்துச் சூடேறிய பாறையின்மேல் உதறினார். வழுக்கிச் செல்பவற்றை ஒரு கரண்டியால் எடுத்துக் குழிக்கே திருப்பி விட்டார். தேயிலைத்தூளையும் டிகாக்ஷனையும் பிரித்துப் பழகிய கை — ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இதுக்கு நான் லீவு போட முடியாது அங்கிள். ஆறு மணிக்கு வந்துட்டு ஆறரைக்கு ஓடணும்" என்றார். ஆனால் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

நாளுக்கு நாள் அந்தத் தீவில் புதியவர்கள் வந்து இறங்கினார்கள். முதுகுப்பக்கம் கீழாக நீந்தும் சிறு வண்டுகள் — எங்கிருந்தோ பறந்துவந்து குதித்தவை — கொசுப்புழுவைப் பிடித்துக் குத்திக்கொண்டு சுற்றின. தும்பி ஒன்று வாலை நீரில் தொட்டுத் தொட்டு முட்டையிட்டது. தவளை முட்டைகள் நுரைபோல் ஓரத்தில் ஒட்டியிருந்தன. வெறுங்கல்லில் முதலில் ஒருவர், அவர்மேல் மற்றொருவர், அவரைத் தின்ன வேறொருவர் என்று ஒரு குடியிருப்பு எழும்புவதை நாங்கள் கண்ணெதிரே பார்த்தோம். எங்கள் குடியிருப்பு எழும்பியபோதும் இப்படித்தான்: முதலில் வாட்ச்மேன் வந்தார், பிறகு டீக்கடை, பிறகு நாங்கள், கடைசியில் மெயின்டனன்ஸ் கட்டணம்.

இதற்கிடையில் வரதராஜன் ஒரு கேள்வியுடன் வந்தார். கணித ஆசிரியர் அல்லவா — கேள்வி சரியாக இருந்தது.

"இந்த இறால் எல்லாப் பாறையிலும் இருக்கும்னா, ஒரு குழியை மூடினா என்ன நஷ்டம்? இங்கே மட்டும்தான்னா பேச்சு வேற. எது சரி?"

"தெரியலை சார். போய்ப் பார்ப்போமா?" என்றேன்.

அவருடைய காரில் மாமல்லபுரம் சென்றோம். கடற்கரையை ஒட்டிய பாறைகளில் முதலில் தேடினோம். அங்கிருந்த குழிகளில் அலைத்துளியின் உப்பு. உயிர் எதுவும் காணோம். ஊருக்குள் உள்ள குன்றின்மேல் ஏறினோம். ஒரு குழியில் பிளாஸ்டிக் புட்டி மட்டும். இன்னொன்றில் பாசி மட்டும். சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் சிற்பத்தின் பக்கம் முகம் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பள்ளத்துக்குள் தலையை நுழைத்திருந்தோம்.

விசில் கேட்டது. காவலர் ஒருவர் வந்தார்.

"இன்னா பெர்சு, செல்லு வுளுந்துருச்சா?"

"இல்லைப்பா. தண்ணிக்குள்ளே ஒரு உயிர் இருக்கான்னு பார்க்கிறோம்."

"ஃபாரின்லேர்ந்து வந்தவனே செலையத்தான் பாக்கறான். நீங்க ரெண்டு பேரும் குழியப் பாத்துகினு கீறீங்க. வழுக்கி வுளுந்தீங்கன்னா எனுக்குத்தான் பேஜாரு. சீக்கிரம் பாத்துட்டு எறங்குங்க."

சீக்கிரம் பார்த்தோம். உச்சியில் இருந்த ஒரு சிறு குழியில், ஆகாயம் முழுவதும் பிரதிபலித்த நீருக்குள், மல்லாந்தபடி அவை சென்றுகொண்டிருந்தன.

வரதராஜன் லென்ஸ் வழியாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

படூருக்கும் இதற்கும் நடுவே எத்தனை சாலைகள், வயல்கள், உப்பங்கழிகள், கல்லூரிகள், கார்கள்! நடக்கத் தெரியாத, பறக்கத் தெரியாத, நீருக்கு வெளியே ஒரு நாழிகை உயிர் தரிக்காத ஒன்று இங்கும் இருக்கிறது, அங்கும் இருக்கிறது. எப்படி? தூசியாகப் போயிருக்கிறது. ஆடிக் காற்றில் ஏறியிருக்கலாம். ஈரக் காலோடு ஒரு குழியில் இறங்கி இன்னொரு குழிக்குப் பறந்த கொக்கின் விரலிடுக்கில் ஒட்டியிருக்கலாம். இந்த மாவட்டம் முழுவதும் பாறைகள் சிதறிக் கிடக்கின்றனவே — அவை எனக்கு அந்தக் கணத்தில் ஒரு கடலில் மிதக்கும் தீவுக்கூட்டமாகத் தெரிந்தன. நாம் அந்தக் கடலின் அடியில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம்.

"அப்போ நான் கேட்டதுக்கு விடை கிடைச்சிடுச்சு" என்றார் வரதராஜன். "இங்கேயும் இருக்கு. அங்கே மூடினா அழிஞ்சிடாது."

"சார், ஒரு கோடையிலே இந்தக் குழி வெறுமையாப் போயிடுதுன்னு வையுங்க. மறுபடி விதை எங்கிருந்து வரணும்?"

"இன்னொரு குழியிலேர்ந்து."

"அந்த இன்னொரு குழியை நாம மூடிட்டா?"

காரில் திரும்பும்போது சாலையைப் பார்த்தபடியே வரதராஜன் சொன்னார்:

"எங்க ஊர் மலைக்கு ரெண்டு கழுகு வந்துகிட்டிருந்தது, சார். உச்சி வேளைக்கு வரும். பிரசாதம் சாப்பிட்டுப் போகும். சின்ன வயசிலே நானே பார்த்திருக்கேன். ஒரு காலத்துக்கு அப்புறம் வரலை. நாங்க எல்லாரும் நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னே இருந்துட்டோம். ரெண்டுதான் வந்தது, அந்த ரெண்டுக்குப் பின்னாலே எத்தனை இருக்கு, எங்கே இருக்குன்னு ஒருத்தரும் கேட்கலை. இப்போ ஊர்ப் பேரிலே மட்டும் கழுகு இருக்கு."



நாங்கள் வந்து இறங்கியபோது ஸ்டெல்லா பாறையின்மேல் இருந்தார். மாலையில் அவர் அங்கே போவது வழக்கமில்லை. காலடியில் மருந்து பாட்டில், மூடி திறந்திருந்தது.

"கமா ஒன்னு பாத்துட்டேன் அங்கிள்" என்றார்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஊற்றும்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஊத்தலாம்னுதான் தொறந்தேன். அப்ப இத்தப் பாத்தேன்." வெள்ளை மக்கை நீட்டினார். அதில் ஒரே ஓர் இறால். வாலுக்கு அருகில் ஒரு சிறு பை. பைக்குள் நெருக்கமாகப் பொடிப்பொடியாக முட்டைகள். "வயித்துப் புள்ளத்தாச்சி. இன்னும் எறக்கி வெக்கல. அதான் கமாவ மட்டும் வடிகட்டியில அள்ளி வெளிய போட்டுட்டேன். திரும்பத் திரும்ப வாரிட்டேன், வேற இல்ல. இது எறக்கி வெக்கட்டும்னு ஒக்காந்துகினு கீறேன்."

ஐயா, அம்மா, அந்த மாலையில் நான் இரண்டு தாய்மாரைப் பார்த்தேன் என்று எழுதினால் அலங்காரமாகப் போய்விடும். ஆகவே எழுதவில்லை. ஸ்டெல்லா பாட்டிலை மூடினார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அதன்பின் வெயில் ஏறியது. நீர் ஒவ்வொரு நாளும் உள்வாங்கியது. ஓரத்தில் ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம் என்று கல்லில் கோடு விட்டுக்கொண்டே குறைந்தது. தவளைக் குஞ்சுகளில் சில காலூன்றிப் புல்லுக்குள் போயின, சில போகவில்லை. வண்டுகள் பறந்துவிட்டன. கொசு எதுவும் அந்தக் குழியிலிருந்து முழுதாக வெளியேறியதாக ஸ்டெல்லாவின் வடிகட்டி காட்டவில்லை. கடைசியில் கையளவு நீர், பிறகு ஈரம், பிறகு தூசி. இறால்கள் இறந்தன. முட்டைகளைத் தூசியில் விட்டுச் சென்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் மழைக்கு அந்த முட்டைகள் அத்தனையும் பொரிப்பதில்லையாம். சில விழிக்கும்; சில விழிக்காமலே கிடக்கும். பெய்த மழை ஏமாற்றிவிட்டால்? நீர் பாதியில் வற்றிவிட்டால்? அதற்காக ஒரு பகுதி அடுத்த மழைக்கு, இன்னொரு பகுதி அதற்கும் அடுத்த மழைக்கு. மூளை என்று சொல்லத்தக்க ஒன்றில்லாத உயிர், எந்த மழையையும் முழுதாக நம்பாமலும் எந்த மழையையும் முழுதாகக் கைவிடாமலும் இருக்கக் கற்றிருக்கிறது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் ஜன்னல் வழியே அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசோசியேஷன் மீண்டும் கூடியது. வரதராஜன் ஒரு வரியில் முடித்தார்: வருகிற மழைக்காலம் முழுவதும் பார்ப்பது; கொசு வந்தால் மூடுவது; வராவிட்டால் விடுவது. ஷெட்டில் இருந்த சிமென்ட் மூட்டைகளை, தண்ணீர் தேங்கும் பைக் நிறுத்துமிடப் பள்ளத்துக்குப் பயன்படுத்தச் சொன்னார். "அங்கதான் நெசமாவே கொசு கீது சார், மொதல்லயே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் தாஸ். எவரும் அவரை மறுக்கவில்லை.

நேற்று நண்பகல். அனல் வீசியது. ஜன்னல் வழியே பார்த்தேன்: ஸ்டெல்லா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நீல வாளியோடு பாறையில் ஏறிக்கொண்டிருந்தார். வாளி நீரும் வற்றிக் காய்ந்திருந்தது. அடியில் இருந்த மண்ணைக் கையால் வழித்துக் குழிக்குள் தூவினார். வாளியைத் தட்டித் தட்டிக் கடைசித் தூளையும் உதறினார்.

நான் இறங்கிப்போய்க் கேட்டேன். "ரோஜாச் செடிக்குன்னு எடுத்ததாச்சேம்மா?"

"ரோஜாவுக்கு வேற மண்ணு வாங்கிக்கலாம் அங்கிள்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது இங்கியே சும்மா கெடக்கட்டும்."

பெருமைக்குரிய ஐயா, அம்மா, மழைக்காலம் இனிமேல்தான் வரவேண்டும். ஸ்டெல்லாவின் வடிகட்டி ஒரு காலை தவறலாம், குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வரலாம், குழி மூடப்படலாம். அப்படி மூடப்பட்டால் ஸ்டெல்லாவின்மீது எனக்கு ஒரு வருத்தமும் இராது. ஆனால் அந்தச் சிமென்ட் என்றாவது ஒருநாள் வெடிக்கும். அந்த வெடிப்பில் மழை இறங்கும். அன்று அதற்குள் எட்டிப் பார்ப்பவருக்கு, கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். நான் இருக்கமாட்டேன்.

ஆகவே இந்தப் பக்கத்தை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.